அனாமத்துக் கணக்கு

"சார், ஒரு ரூலை நாமளே எழுதி, நாமளே மெஷின்ல போட்டு, அப்புறம் நாமளே அதைத் தாண்டிப் போனா அதுக்கு என்ன பேரு?"

கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் வாசலில் டீ கிளாஸும் கையுமாக நிற்கும்போது ஒருவன் இப்படிக் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "அரசியல்" என்றேன் நான். அவன் சிரிக்கவில்லை. விஷயம் சீரியஸ் என்று அப்போதுதான் புரிந்தது.

எங்கள் தெருப் பையன். வயது 27. காலையில் நான் பீச் ரயிலுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். அவன் செங்கல்பட்டு ரயிலுக்கு அந்தப் பக்கம். பரனூரில் இறங்கி வேலைக்குப் போகிறான். சாஃப்ட்வேர். கம்பெனி பெயர் வேண்டாம். என்ன வேலைப்பா என்று கேட்டால், எல்லாப் பையன்களையும் போல "சொன்னா புரியாது சார்" என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவனாகவே சொன்னான். புரிந்தது. புரிந்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. இந்த வாரம் உங்கள் தூக்கத்தையும் கொஞ்சம் கெடுக்கலாம் என்று இருக்கிறேன். மன்னியுங்கள்.

முதலில் அவன் வேலை என்ன என்று பார்த்துவிடுவோம்.

எந்தக் கம்பெனியிலும் விதிமுறைப் புத்தகம் என்று ஒன்று இருக்கும். வாடிக்கையாளரின் விவரங்களைப் பூட்டாமல் சேமிக்கக்கூடாது. ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் வெளியே விடக்கூடாது. வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டு அன்றைக்கே செத்துப்போக வேண்டும். இதெல்லாம் முன்பு அழகாக பைண்ட் செய்யப்பட்டு பீரோவில் தூங்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஆடிட்டர் வரும்போது தூசி தட்டுவார்கள். "பின்பற்றுகிறீர்களா?" "பின்பற்றுகிறோம்." ஒரு டிக். ஒரு காபி. முடிந்தது.

இப்போது அந்தப் புத்தகத்தையே புரோகிராமாக எழுதிவிடுகிறார்கள். 'பாலிசி ஆஸ் கோட்' என்று பெயர். இதற்கென்றே 'ஓபன் பாலிசி ஏஜென்ட்' என்று ஒரு இலவச மென்பொருள் 2016-லிருந்து இருக்கிறது. விதிகளை எழுதுவதற்கு 'ரேகோ' என்று தனி மொழியே வைத்திருக்கிறார்கள். இன்னொருவர் சரிபார்க்காத ஒரு மாற்றத்தை நீங்கள் வெளியே அனுப்பப் பார்த்தால், மெஷினே "முடியாது" என்று சொல்லிவிடும். கெஞ்சினாலும் முடியாது. நான் எம்.டி.யின் மச்சான் என்றாலும் முடியாது. விதியையே யாராவது மாற்றினால் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதும் பதிவாகும்.

நம் பையன் அந்த விதிகளை எழுதும் குழுவில் இருக்கிறான். கம்பெனிக்குப் பூட்டு செய்பவன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒருநாள் ராத்திரி மணி பதினொன்றரை. அவர்கள் மென்பொருளை வாங்கியிருந்த ஒரு மருத்துவமனையில், மருந்துக் கவுன்ட்டர் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கோளாறு என்னவென்று கண்டுபிடித்தாயிற்று. திருத்தமும் எழுதியாயிற்று. இரண்டே வரி. ஆனால் அதைப் படித்துச் 'சரி' சொல்ல வேண்டிய இரண்டாவது ஆளுக்குக் காய்ச்சல், போன் ஆஃப். மெஷின் "முடியாது" என்றது. அதற்கு அப்படிச் சொல்லிக்கொடுத்ததே இவன்தான்!

மேலதிகாரி போனில் வந்தார். "அந்த ரூலைப் பத்து நிமிஷம் ஆஃப் பண்ணு. அனுப்பிட்டு மறுபடி ஆன் பண்ணிடு. பதிவுல 'டெஸ்டிங்'னு போட்டுக்கோ. அதையெல்லாம் யார் படிக்கப் போறா?"

இவனுக்கு இன்னொரு வழி இருந்தது. விதியை எழுதும்போதே ஒரு அவசர வழியும் எழுதி வைத்திருந்தான். இரண்டாவது ஆள் இல்லாமலே அனுப்பலாம். ஆனால் தன் பெயரைப் போட வேண்டும், காரணத்தை எழுத வேண்டும், அந்த அனுமதி நான்கு மணி நேரத்தில் தானாகக் காலாவதியாகும், மறுநாள் காலையில் இன்னொருவர் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த வழியில் போனான். பத்தே நிமிஷத்தில் மருந்துக் கவுன்ட்டர் எழுந்து உட்கார்ந்தது.

மாதக் கடைசி. எல்லாக் குழுக்களின் ரிப்போர்ட்டும் மேலே போகிறது. எல்லோருக்கும் 'விதிவிலக்கு: 0'. இவன் குழுவுக்கு மட்டும் 'விதிவிலக்கு: 1'. சிவப்பு எழுத்தில், இவன் பெயரோடு. சம்பள உயர்வு பேசும் மேஜையில் அந்தச் சிவப்பும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"மத்த டீம்ல எல்லாம் ஆஃப் பண்ணி ஆன் பண்றாங்க சார். அவங்க கணக்கு சுத்தமா பூஜ்யம். நான் எழுதி வெச்சேன், எனக்கு சிவப்பு. அடுத்த தடவை நான் என்ன பண்ணணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் ரயில் வந்துவிட்டது. நல்லவேளை. என்னிடம் பதில் இல்லை.

* * *

அவன் அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, பையன் சொன்னதைச் சொன்னேன். பெரியவர் சிரித்தார்.

"இதுல என்ன சார் புதுசு இருக்கு? நாங்க காலங்காலமா இதைத்தானே பண்றோம்? இன்டர்லாக்கிங்!"

ரயில்வே கேட்டில் நின்று ஹாரன் அடித்துப் பார்த்திருப்பீர்கள். அந்த கேட்டுக்கும் சிக்னலுக்கும் உள்ள உறவை யோசித்திருக்கிறீர்களா? 'கேட்டை மூடிய பிறகுதான் ரயிலை விட வேண்டும்' என்பது விதி. இதைப் புத்தகத்தில் எழுதி கேட்மேன் கையில் கொடுக்கலாம். அல்லது, கேட் மூடிப் பூட்டிக்கொண்டால் ஒழிய சிக்னல் பச்சைக்கே வர முடியாதபடி இரண்டையும் பிணைத்துவிடலாம். ரயில் கடக்கும் வரை கேட்டைத் திறக்கவும் முடியாது. இப்படிப் பிணைப்பதுதான் இன்டர்லாக்கிங். இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி என்பவர் 1856-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலத்தில், இரும்புத் தண்டுகளையும் நெம்புகோல்களையும் வைத்து விதியை இயந்திரத்துக்குள் போட்டுவிட்டார்கள்.

போடாவிட்டால் என்ன ஆகும்?

2025 ஜூலை 8. கடலூர் மாவட்டம் செம்மங்குப்பம். பள்ளி வேன் ஒன்று ரயில்வே கேட்டைக் கடந்தபோது விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் மோதி, மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். மூடியிருக்க வேண்டிய நேரத்தில் கேட் மூடியிருக்கவில்லை. அது இன்டர்லாக் செய்யப்படாத கேட். அப்படிப்பட்ட இடங்களில் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்வார். கேட்மேன் மூடிவிட்டதாகச் சொல்லி ஒரு ரகசிய எண்ணைத் தருவார். அந்த வார்த்தையை நம்பி சிக்னல் விழும். ஒரு மனிதரின் வார்த்தையும் ஒரு எண்ணும். அவ்வளவுதான் அந்தக் குழந்தைகளுக்கும் ரயிலுக்கும் நடுவில் இருந்த பூட்டு.

ஆகவே, "மனுஷனை நம்பாமல் மெஷினை நம்புவதா, என்ன காலம் இது?" என்று பெருமூச்சு விடுபவர்களோடு என்னால் சேர முடியவில்லை. மனிதன் களைத்துப்போவான். தூங்கிவிடுவான். அவசரப்படுத்தினால் பயந்துவிடுவான். சில விதிகளை அவன் மன உறுதிக்கு விட்டுவைப்பது அவனுக்கே நாம் செய்கிற துரோகம்.

நான் பி.காம். படித்தவன். எழுத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கொஞ்ச நாள் வவுச்சர்களுக்கு டிக் அடித்தவன். கணக்குப் புத்தகத்துக்கு என்ன பூட்டு போட்டாலும் தகும் என்பது என் அனுபவம். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் ஞாபகமிருக்கிறதா? கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். எப்படிச் செய்தார்கள் என்று சி.பி.ஐ. தோண்டியபோது, 7,561 போலி இன்வாய்ஸ்கள் கிடைத்தன. அவை மென்பொருளுக்குள்ளேயே இருந்தன! 'சூப்பர் யூசர்' என்ற சிறப்பு அனுமதியை வைத்துப் போலி இன்வாய்ஸை உள்ளே போட்டு, வியாபாரத்தைக் கவனிக்கிறவர்கள் கண்ணில் படாமல் மறைத்து, கணக்கில் மட்டும் சேர்த்திருக்கிறார்கள். 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜு உட்பட பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

கவனியுங்கள். ஊருக்கெல்லாம் மென்பொருள் எழுதிக்கொடுத்த கம்பெனி அது. பூட்டு இல்லாமல் இல்லை. பூட்டைத் தடம் தெரியாமல் திறக்கும் ஒரு சாவியும் கூடவே இருந்தது.

இந்த மாதிரிக் கூத்துகளைத் தடுக்கத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், ஒவ்வொரு பதிவும் மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்தப் பதிவை ஆஃப் செய்யும் வசதியே இருக்கக்கூடாது. 'எடிட் லாக்' என்கிறார்கள். திருத்தாதே என்று அந்த விதி சொல்லவில்லை பாருங்கள். திருத்திக்கொள், ஆனால் திருத்தியது தெரியட்டும் என்கிறது. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

* * *

சரி, எல்லா விதியையும் மெஷினில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமா?

மதுரைக்குப் போய்ப் பார்ப்போம். சிலப்பதிகாரம் நமக்குத் தெரிந்த கதைதான். ராணியின் சிலம்பைக் காணோம். 'திருடன் அகப்பட்டான்' என்கிறான் பொற்கொல்லன். பாண்டியன் போட்ட உத்தரவின் சாரம் என்ன? சிலம்பு அவன் கையில் இருந்தால், கொன்றுவிட்டுக் கொண்டுவா. இருந்தால்... கொல். இதைவிடச் சுத்தமான புரோகிராம் உண்டா? காவலர்கள் போனார்கள். சிலம்பு இருந்தது. வெட்டியாயிற்று. உத்தரவு ஒரு எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது.

உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் அந்த உத்தரவில் இல்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 2016 வாக்கில் ஒரு கம்ப்யூட்டர் திட்டம் முழு வீச்சில் இறங்கியது. பின்னாளில் அதற்கு மக்கள் வைத்த பெயர் 'ரோபோடெட்'. அங்கே வேலையில்லாதவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அரசு உதவித்தொகை தரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருமானத்தைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் என்ன செய்தது? வருமான வரித் துறையிலிருந்து ஒருவரின் ஆண்டு வருமானத்தை எடுத்தது. அதை 26-ஆல் வகுத்தது. 'இரண்டு வாரத்துக்கு இவ்வளவு சம்பாதித்திருக்கிறாய், எங்களிடம் குறைத்துச் சொல்லியிருக்கிறாய், வாங்கிய உதவியைத் திருப்பிக் கட்டு' என்று நோட்டீஸ் அனுப்பியது.

ஆறு மாதம் வேலை பார்த்து ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தவனை, வருஷம் முழுக்கச் சம்பாதித்தவனாக மெஷின் பார்த்தது. வாங்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஏழையின் தலையில் விழுந்தது. 2020-ல் அரசே பணிந்து, சுமார் 4,70,000 கடன் நோட்டீஸ்களுக்காக 72 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2023 ஜூலையில் ராயல் கமிஷன் அறிக்கை வந்தது. அதற்குள் பல குடும்பங்கள் உடைந்து போயிருந்தன.

அங்கேயும் யாரும் சிலம்பை உடைத்துப் பார்க்கவில்லை. மேலோட்டமாகப் பொருந்தியது, போதும் என்று விட்டுவிட்டார்கள். ஒரே வித்தியாசம், பாண்டிய மன்னன் தவறு தெரிந்த நொடியில் தானே குற்றவாளி என்று சொல்லி உயிரை விட்டான். மெஷின் செய்த தவறுக்கு யாரும் அவ்வளவு அவசரமாக முன்னால் வருவதில்லை. உங்கள் வங்கிக் கிளையில் கேட்டுப் பாருங்கள். "சிஸ்டம் ஒத்துக்கல சார்" என்பார்கள். சிஸ்டம் என்பவர் யார், எந்த ஊர், எந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் தெரியாது.

1986-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், பிரிட்டனின் 1981-ஆம் வருடத்துக் குடியுரிமைச் சட்டத்தை அப்படியே 'புரோலாக்' என்ற மொழியில் புரோகிராமாக எழுதிப் பார்த்தார்கள். பெற்றோர் யார், எங்கே பிறந்தார், என்றைக்குப் பிறந்தார் என்பதெல்லாம் அதில் ஏறிவிட்டன. ஆனால் அதே சட்டத்தில் 'நல்ல நடத்தை உள்ளவர்', 'நியாயமான காரணம்' என்பது மாதிரி வார்த்தைகளும் இருந்தன. நல்ல நடத்தைக்கு என்ன புரோகிராம் எழுதுவது? அதை யாராவது ஒரு மனிதர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். விதியில் கணக்குப் போடும் பகுதி ஒன்று, மனசு வைத்துப் பார்க்கும் பகுதி ஒன்று. இரண்டாவதையும் கணக்கு என்று நினைத்து மெஷினில் ஏற்றும்போதுதான் கோவலன்கள் சாகிறார்கள்.

"அப்படின்னா மெஷின் வேண்டாங்கறீங்களா?" என்று கேட்டார் பெரியவர்.

"தெரியலை சார். நீங்க சொல்லுங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 2023 ஜூன் 2-ஐப் பற்றிச் சொன்னார். ஒடிசா, பாலசோர் பக்கம் பாகாநாகா பஜார் ஸ்டேஷன். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். சிக்னல் பச்சை, மெயின் லைனில் போகலாம் என்றது. ஆனால் தண்டவாளம் பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள்.

"இன்டர்லாக்கிங் இருந்த இடம் சார் அது! பாதை ஒரு பக்கம், சிக்னல் இன்னொரு பக்கம் போகவே முடியாது. போச்சே!" என்றார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்ன காரணம் இதுதான்: சிக்னல் சர்க்யூட்டில் முன்பு ஒருமுறை செய்த மாற்றத்தில் குறை. அன்றைக்கு ஒரு லெவல் கிராஸிங் கேட்டின் தடுப்பை மாற்றும் வேலையில் செய்த ஒயர் மாற்றத்திலும் குறை. இயந்திரம் பொய் சொல்லவில்லை. அதற்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தது. விதியை மெஷினில் வைத்தோமே தவிர, அதைத் தொட்டவன் யார், மாற்றியதை இன்னொருவன் சரிபார்த்தானா என்ற கேள்வி அப்படியே மனிதனிடம் நின்றுவிட்டது.

அதாவது, மனிதனை நம்ப வேண்டிய இடம் ஒழிந்துபோகவில்லை. கேட்மேனிடமிருந்து ஒயர் மாற்றுகிறவனிடம் போயிருக்கிறது. நம் பையனிடம் வந்திருக்கிறது.

* * *

"அவன் பண்ணது சரிதான் சார்" என்றார் பெரியவர், திடீரென்று. "எங்க பேனல்ல அவசரத்துக்குன்னு சில பட்டன் உண்டு. பாயின்ட் மாட்டிக்கிச்சு, ரூட் ரிலீஸ் ஆகலைன்னா அமுக்கறதுக்கு. சீல் வெச்சிருக்கும். அமுக்கினா பக்கத்துல சின்னதா ஒரு கவுன்ட்டர்ல நம்பர் ஒண்ணு ஏறும். ஏறின நம்பரை இறக்க முடியாது. நம்பர் ஏறினா ரிஜிஸ்டர்ல எழுதணும். எத்தனை மணிக்கு, எதுக்கு, யாருன்னு கையெழுத்தோட."

"எழுதினா திட்டுவாங்களா?"

"எழுதினதுக்கு ஏன் திட்டுறாங்க? இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவர் முதல்ல கவுன்ட்டரைப் பார்ப்பார். அப்புறம் ரிஜிஸ்டரைப் பார்ப்பார். ரெண்டும் ஒத்துப்போனா, பட்டன் ஏன் இத்தனை தடவை தேவைப்படுது, எந்த பாயின்ட் ரிப்பேர்னு கேப்பார். கவுன்ட்டர்ல 214, ரிஜிஸ்டர்ல 213னு இருந்தாத்தான் சார், நம்ம கதை முடிஞ்சுது."

இன்னொன்றும் சொன்னார். தனியே நிற்கும் கேட்டுக்கான சிக்னல் கோளாறாகிச் சிவப்பிலேயே நின்றுவிட்டால், ரயில் அங்கேயே ராத்திரி முழுக்க நிற்காது. டிரைவர் ஹாரன் அடித்துவிட்டுப் பகலில் ஒரு நிமிஷம், இரவில் இரண்டு நிமிஷம் காத்திருப்பார். பிறகு ஊர்ந்து கேட் வரைக்கும் போவார். கேட்மேன் இருந்து கையால் சைகை காட்டினால் கடப்பார். சிவப்பைத் தாண்டுவதற்கே ஒரு முறை வகுத்து வைத்திருக்கிறார்கள்.

எனக்கு சட்டென்று காலேஜ் ஞாபகம் வந்துவிட்டது. வணிகவியல் படித்தவர்களுக்குத் தெரியும். இருப்பாய்வு என்று ஒன்று. பற்றும் வரவும் சமமாக வர வேண்டும். பரீட்சையில் ஒருநாளும் வராது. ஒரு பக்கம் 450 ரூபாய் துண்டு விழும். மணி அடிக்கப் போகிறது. என்ன செய்வது? பக்கத்தில் இருக்கும் 'இதரச் செலவுகள்' எண்ணைக் கொஞ்சம் தட்டி நீட்டிச் சமன் செய்துவிடலாம். பார்க்க அழகாக இருக்கும். அல்லது வித்தியாசத்தை அப்படியே 'அனாமத்துக் கணக்கு' என்று தலைப்புப் போட்டு வெளியில் வைக்கலாம். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால், 'இங்கே ஒரு தவறு இருக்கிறது, எங்கே என்று இன்னும் தெரியவில்லை, கண்டுபிடித்ததும் இதை நீக்குவேன்' என்று அது நேர்மையாகச் சொல்கிறது. எங்கள் பேராசிரியர் அனாமத்துப் போட்டவனுக்கு முக்கால்வாசி மார்க் தருவார். எண்ணைத் தட்டியவனுக்கு முட்டை. "டேய், அனாமத்து இருந்தா தப்பைத் தேடலாம். நீ தேடறதுக்கே வழி இல்லாம பண்ணிட்டியேடா!" என்பார்.

நம் பையன் அன்று ராத்திரி செய்தது அனாமத்துக் கணக்கு. அவன் மேலதிகாரி செய்யச் சொன்னது எண்ணைத் தட்டுவது. இரண்டிலும் மருந்துக் கவுன்ட்டர் பத்து நிமிஷத்தில் வேலை செய்திருக்கும். அன்றைய நோயாளிக்கு எந்த வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் அடுத்த நோயாளிக்கு. ராத்திரியில் இரண்டாவது ஆள் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பதை முதல் வழி கம்பெனிக்குச் சொல்கிறது. இரண்டாவது வழி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறது.

"விதிவிலக்கைச் சுலபமாக்கினால் எல்லோரும் அதிலேயே போக மாட்டார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். கூடுவாஞ்சேரியில் மனை வாங்கியவர்களைக் கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியத் தடை போட்டது. சிறுகச் சிறுகச் சேர்த்து மனை வாங்கியவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். 2017 மே மாதம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் வாங்கலாம் என்றது. எழுத்தில் வந்த, தேதி போட்ட விதிவிலக்கு. தேவையும் இருந்தது. ஆனால் விண்ணப்பிக்கும் கெடு முடிந்தது, நீட்டினார்கள். மறுபடி முடிந்தது, மறுபடி நீட்டினார்கள். முடியாத விதிவிலக்கு இன்னொரு விதியாகிவிடும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

அதனால்தான் பையன் போட்ட நான்கு மணி நேரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெயர் வேண்டும். காரணம் வேண்டும். முடியும் நேரம் வேண்டும். மறுநாள் வந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். இந்த நான்கையும் அவன் எழுதி வைத்துவிட்டான். ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அதை எந்த மொழியிலும் புரோகிராமாக எழுத முடியாது. எழுதி வைத்தவனைத் திருடனைப் போலப் பார்க்காமல் இருப்பது.

அது இல்லையென்றால் மற்ற நான்கும் வீண். மனிதன் முட்டாள் இல்லை. உண்மையை எழுதினால் சிவப்பு, மறைத்தால் பூஜ்யம் என்று இரண்டு தடவை பார்த்தால், மூன்றாவது தடவை அவனுக்கும் பூஜ்யம் வாங்கத் தெரியும். பிறகு உங்களிடம் உலகத்திலேயே கடுமையான பூட்டு இருக்கும். எல்லோர் பையிலும் ஒரு கள்ளச் சாவியும் இருக்கும். ரிப்போர்ட் மட்டும் பளபளவென்று இருக்கும்.

இதைப் படிக்கிறவர்களில் அப்படிப்பட்ட ரிப்போர்ட்டை வாங்கும் நாற்காலியில் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அங்கே ஒருவன் உங்களிடம் உண்மை பேசியிருக்கிறான். பன்னிரண்டு மாதமும் பூஜ்யம் காட்டும் குழு இருக்கிறதே, அங்கே போய் ஒருதரம் கவுன்ட்டரையும் ரிஜிஸ்டரையும் ஒத்துப் பாருங்கள்.

இதே கதை வீட்டிலும் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் தொடக்கூடாது என்று பிள்ளைக்கு ஒரு ஆப் போட்டுப் பூட்டுகிறோம். ஒருநாள் அவனே வந்து, "அப்பா, நேத்து உங்க பாஸ்வேர்டு போட்டு அரை மணி நேரம் பார்த்தேன், ஃபிரெண்டுக்கு உடம்பு சரியில்லைன்னு பேசிட்டிருந்தேன்" என்கிறான். அந்த நிமிஷம் நம் முகம் எப்படி மாறுகிறது என்பதை அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அடுத்த தடவை சொல்வதா வேண்டாமா என்று அங்கேதான் தீர்மானிக்கிறான். நான் அந்தப் பரீட்சையில் பாஸ் இல்லை. உங்களைப் பற்றித் தெரியாது.

* * *

மறுநாள் காலை ஸ்டேஷனில் அவனைப் பார்த்ததும், "அடுத்த தடவையும் எழுதியே வைப்பா" என்றேன். அப்பா சொன்னதை, அனாமத்துக் கணக்கை, எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"சொல்றது ஈஸி சார். இன்க்ரிமென்ட் போனது எனக்குத்தானே?" என்றான்.

போனது அவனுக்குத்தான். அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. நேர்மைக்கு விலை இல்லை என்று மேடையில் பேசலாம். வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்டுகிறவனிடம் அப்படிப் பேசினால் அடிக்க வருவான். விலை இருக்கிறது. அதை யார் கட்டுவது என்பதுதான் கேள்வி. எழுதி வைத்தவனே கட்ட வேண்டும் என்று ஒரு நிறுவனம் தீர்மானித்தால், கொஞ்ச நாளில் எழுதுகிறவன் யாரும் அங்கே இருக்க மாட்டான்.

போன வாரம் மறுபடி பார்த்தேன். கொஞ்சம் உற்சாகமாக இருந்தான். புதிதாக ஒரு விதி எழுதியிருக்கிறானாம். எந்த விதியையும் இனி ஒரே ஆள் ஆஃப் செய்ய முடியாது, இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். ரிப்போர்ட்டில் விதிவிலக்கைச் சிவப்பில் போடாமல், 'கவனிக்க வேண்டியவை' என்று சாதாரண எழுத்தில் போட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறான்.

"பிரமாதம்! நடைமுறைக்கு வந்துடுச்சா?"

"இல்ல சார். ரூல்படி இந்த மாற்றத்தை இன்னொருத்தர் படிச்சுப் பார்த்து சரின்னு சொல்லணும்."

"சொல்லலையா?"

செங்கல்பட்டு ரயில் வந்துகொண்டிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னான்.

"மூணு வாரமா யாரும் திறந்துகூடப் பார்க்கலை சார்."